பேதுருவுக்கு ஒரு சுவிசேஷம், பவுலுக்கு ஒரு சுவிசேஷமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வீட்டுக்கூட்டங்களில் இது பேச்சாகிவிட்டது போலிருக்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, எங்கள் வீட்டுக்கூட்டத்துக்கு வந்த ஒரு பிரதர் சுவரில் பெரிய சார்ட் ஒன்றைத் தொங்கவிட்டார். நடுவில் சிவப்புக் கோடு. ஒரு பக்கம் பேதுருவும் பன்னிருவரும் யூதருக்குச் சொன்ன ராஜ்யத்தின் சுவிசேஷம், மறுபக்கம் பவுல் புறஜாதியாருக்குச் சொன்ன கிருபையின் சுவிசேஷம். மத்தேயு நமக்கு எழுதப்பட்டதல்ல, பரமண்டல ஜெபமும் நமக்கில்லை என்கிறார். ஆதாரம் கலாத்தியர் 2:7. எங்கள் வீட்டில் இப்போது குடும்ப ஜெபத்தில் அந்த ஜெபத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்றே சண்டை.
— வாசகர், களியக்காவிளை

முதலில் அந்த ஜெபத்தைச் சொல்லுங்கள். இன்று ராத்திரியே சொல்லுங்கள். காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

கலாத்தியர் 2:7 என்ன சொல்கிறது? விருத்தசேதனமுள்ளவர்களிடம், அதாவது யூதரிடம், போகும் வேலை பேதுருவிடமும், மற்றவர்களிடம் போகும் வேலை பவுலிடமும் ஒப்படைக்கப்பட்டது என்கிறது. சரி. அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும் அல்லவா? பேதுருவைப் பலப்படுத்தினவரே என்னையும் பலப்படுத்தினார் என்கிறார் பவுல். அதற்கடுத்த வசனத்தில் யாக்கோபும் கேபாவும் (பேதுருவின் இன்னொரு பெயர்) யோவானும் அவருக்கும் பர்னபாவுக்கும் வலதுகை கொடுக்கிறார்கள். யார் எங்கே போவது என்று பிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எதைச் சொல்வது என்பதில் பிரிவினை இருந்ததாக அங்கே ஒரு வரிகூட இல்லை.

இதே நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுங்கள். "நாங்களாவது, வானத்திலிருந்து வருகிற ஒரு தூதனாவது, வேறொரு சுவிசேஷத்தை உங்களுக்குப் பிரசங்கித்தால், அவன் சபிக்கப்பட்டவனாயிருக்கக்கடவன்." இவ்வளவு கடுமையாக எழுதின கை, வேறு சுவிசேஷம் வைத்திருக்கிற ஒருவரோடு அடுத்த அதிகாரத்தில் கைகுலுக்குமா? பேதுருவின் சுவிசேஷம் வேறு என்று பவுல் நினைத்திருந்தால் முதல் சாபம் பேதுருவின் தலையில்தான் விழுந்திருக்கும்.

அந்த சார்ட்டுக்கு நேரே வைத்துப் பார்க்க இன்னொரு இடம் இருக்கிறது, அப்போஸ்தலர் 20. எபேசு சபை மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்துப் பவுல் கண்ணீரோடு விடைபெறுகிற இடம். 24ஆம் வசனத்தில் தேவனுடைய கிருபையின் சுவிசேஷத்தை அறிவிப்பதே தன் ஊழியம் என்கிறார். 25ஆம் வசனத்தில், உங்கள் நடுவிலே தேவனுடைய ராஜ்யத்தைப் பிரசங்கித்துத் திரிந்தேன் என்கிறார். சார்ட்டில் கோட்டுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நிற்கிற இரண்டும் ஒரே மனிதரின் வாயிலிருந்து ஒரே மூச்சில் வருகின்றன. அப்போஸ்தலர் புத்தகம் எப்படி முடிகிறது என்று பாருங்கள்: ரோமாபுரியில் வாடகை வீட்டில் இரண்டு வருஷம் முழுவதும் தங்கி, வந்தவர்களிடமெல்லாம் பவுல் தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருக்கிறார். புறஜாதியாரின் அப்போஸ்தலர், அதுவும் கடைசிக் காலத்தில்.

"ஆனால் இரகசியம் பவுலுக்கு மட்டும்தானே வெளிப்பட்டது?" என்று அந்தப் பிரதர் கேட்பார். புறஜாதியாரும் யூதரோடு உடன்சுதந்தரர் என்பதே அந்த இரகசியம்; அதற்கு எபேசியர் மூன்றாம் அதிகாரத்தைத்தான் காட்டுவார்கள். அதன் 5ஆம் வசனத்தில், அந்த இரகசியம் பரிசுத்த அப்போஸ்தலருக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் வெளிப்படுத்தப்பட்டது என்று பவுலே பன்மையில் எழுதியிருக்கிறார். 1 கொரிந்தியர் 15 அதைவிடத் தெளிவு. கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், கேபாவுக்கும் பன்னிருவருக்கும் தரிசனமானார் என்று வரிசையாகச் சொல்கிறார். இது தான் பெற்றுக்கொண்டு ஒப்படைத்தது என்கிறார். பிறகு "நானாகிலும் அவர்களாகிலும் இப்படியே பிரசங்கித்துவருகிறோம்" என்று முடிக்கிறார். அந்த "அவர்கள்" யார்? பேதுருவும் யாக்கோபும் மற்ற அப்போஸ்தலரும்தான்.

பேதுருவின் முதல் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்று முதல் வசனத்தைப் பாருங்கள். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா. கலாத்தியா! பவுல் அந்தச் சாபத்தை எழுதி அனுப்பின அதே நாட்டுப் பெயர். அதை எழுத உதவினவர் பவுலோடு பிலிப்பியில் சிறையிருந்த சில்வான் (அப்போஸ்தலர் புத்தகத்தில் சீலா), கடைசியில் வாழ்த்து சொல்பவர் மாற்கு, அவரும் பவுலின் கூட்டாளி. ஆட்களே இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருக்கும்போது கோடு எங்கே நிற்கும்?

வித்தியாசமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பேச்சில் வித்தியாசம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் அது பேதுருவுக்கும் பவுலுக்கும் நடுவில் மட்டும் இல்லை, பவுலுக்குள்ளேயே இருக்கிறது. பிசீதியா நாட்டு அந்தியோகியாவின் ஜெபஆலயத்தில் தாவீதையும் சங்கீதத்தையும் எடுத்துப் பேசுகிறார். லீஸ்திராவில் மழையையும் விளைச்சலையும் சொல்லி ஆரம்பிக்கிறார். அத்தேனே பட்டணத்தில் வேதவசனம் எதையும் மேற்கோள் காட்டாமல் அவர்களுடைய புலவர் வரியையே எடுத்துக்கொள்கிறார். நம் எல்லைப்பக்கத்துச் சபைகளில் ஒரே போதகர் காலையில் மலையாளத்திலும் அப்புறம் தமிழிலும் பிரசங்கம் பண்ணுவது உண்டே. உதாரணம் மாறும், கதை மாறும், கேட்கிறவர்கள் சிரிக்கிற இடம்கூட மாறும், செய்தி மாறுவதில்லை.

இப்போது ஜெபத்துக்கு வருகிறேன். "நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களை மன்னியும்" என்பது கிருபைக்கு விரோதம், பவுல் சொன்னதோ மன்னிக்கப்பட்டதால் மன்னியுங்கள் என்பது, ஆகவே இரண்டும் வேறு வேறு என்பதே அவர்களுடைய வாதம். ஆனால் அதே மத்தேயுவில் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை என்ன? பதினாயிரம் தாலந்து கடனை ராஜா முதலில் மன்னித்துவிடுகிறார். மன்னிப்பு பெற்றவன் வெளியே போய் நூறு வெள்ளிப்பணத்துக்காகத் தன் உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். கிருபைதான் முதலில் வருகிறது, மத்தேயுவிலும்.

எனக்கு உண்மையான வருத்தம் இதில்தான். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்பதும், சொன்னபடி செய்யாமல் கர்த்தாவே கர்த்தாவே என்று மட்டும் சொன்னால் போதாது என்பதும் நமக்கல்ல, யூதருக்கு என்று தள்ளிவிட்டால், இயேசுவின் வாயிலிருந்து வந்தவற்றில் நமக்கு என்ன மிச்சம்? அவரை விசுவாசித்து, அவர் சொன்னதை மட்டும் பக்கத்து வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிடலாமா?

அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லார் முன்னாலும் நேருக்கு நேர் எதிர்த்தாரே. ஒரே சுவிசேஷம் என்றால் எதற்கு அந்தச் சண்டை?
— வாசகர், பாறசாலை

நல்ல கேள்வி பிரதர். கலாத்தியர் 2:11 முதல் இருக்கிறது. அந்த இடத்தை மெதுவாகப் படித்தால் சண்டை எதைப் பற்றி என்று தெரியும். சாப்பாட்டைப் பற்றி.

சீரியா நாட்டு அந்தியோகியா சபையில் யூத விசுவாசிகளும் புறஜாதி விசுவாசிகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேதுருவும் அவர்களோடு சாப்பிட்டார். அப்போது யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் பேதுரு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, பிறகு பிரிந்தே போனார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் எழுந்தார்கள். கடைசியில் பர்னபாவும் இழுபட்டுப் போனார். பவுலோடு ஊர் ஊராக நடந்து புறஜாதி சபைகளைக் கட்டின பர்னபா! அந்தப் பந்தியில் மிச்சமிருந்த புறஜாதி விசுவாசியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து அப்பம் பிட்டுத் தந்த அப்போஸ்தலர் இன்று வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, எந்த உபதேசமும் மாறவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது.

பவுல் அங்கே பேதுருவிடம், உம்முடைய சுவிசேஷம் தப்பு என்று சொல்லவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ப நீர் நடக்கவில்லை என்கிறார். அதற்கு அவர் எடுக்கிற ஆதாரமே பேதுருவின் விசுவாசம்தான்: பிறப்பால் யூதராகிய நாமும், கிரியைகளினால் அல்ல, இயேசு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறோம் என்று அறிந்து அவரை விசுவாசித்தோமே என்கிறார். அந்த "நாம்" என்பதற்குள் பேதுருவும் இருக்கிறார். இருவருக்கும் ஒரே சுவிசேஷம் இருந்ததால்தான் அதை வைத்துக் கேள்வி கேட்க முடிந்தது.

பேதுருவும் பின்வாங்கிப் போனவராக நின்றுவிடவில்லை. அப்போஸ்தலர் 15இல் எருசலேம் ஆலோசனைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினுடைய கிருபையினாலே அவர்கள் இரட்சிக்கப்படுகிறது எப்படியோ, அப்படியே நாமும் இரட்சிக்கப்படுவோமென்று நம்பியிருக்கிறோமே" என்று சொன்னது அவர்தான். கவனியுங்கள், யூதரைப் போல அவர்களும் என்று சொல்லவில்லை, அவர்களைப் போல நாமும் என்கிறார். (இந்தக் கூட்டம் அந்தியோகியா சண்டைக்கு முந்தியா பிந்தியா என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. கூட்டம் நடந்தது ஏறக்குறைய கி.பி. 49 என்பார்கள்.)

நம் நாட்டுக்காரர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பழைய திருவிதாங்கூரில் எந்தத் தெருவில் யார் நடக்கலாம், எந்தப் பெண் தோளில் துணி போடலாம் என்று சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் 1859இல் அரசர் பிரகடனம் வந்தது. சுவிசேஷம் கேட்ட பிறகு நம் பாட்டிமார் தலை நிமிர்ந்து நடந்தார்கள் என்று ஆண்டுவிழா மேடையில் பெருமையாகச் சொல்கிறோம், அது உண்மையும்கூட. ஆனால் இன்றைக்கும் கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது சபைப் பெயருக்கு முன்னால் சாதிப் பெயரைக் கேட்கிற வீடுகள் எத்தனை! கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை ஒதுக்குகிற இடம்கூட இருக்கிறது. வேறொரு சுவிசேஷம் நம் ஊரில் பிரசங்கிக்கப்படுகிறதா என்று கேட்டால், ஆம், பிரசங்கிக்கப்படுகிறது. ஆனால் அதைச் சொல்ல மைக்கும் சார்ட்டும் தேவைப்படவில்லை. பந்தியிலிருந்து எழுந்து போனாலே போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எருசலேமில் கைகொடுத்தபோது அவர்கள் பவுலிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, தரித்திரரை நினைத்துக்கொள்ளும்படி. பவுல் அதைப் பல வருஷம் சுமந்தார். மக்கெதோனியா, அகாயா நாட்டு சபைகளில் வாரத்தின் முதல் நாளில் எடுத்து வைக்கச் சொல்லிச் சேர்த்த காணிக்கையை எருசலேமின் ஏழை யூத விசுவாசிகளுக்குத் தானே கொண்டுபோனார். வழியெங்கும் போகாதே என்று தடுத்தார்கள். போனார், அங்கே பிடிபட்டார், அந்தக் கட்டுகளோடுதான் ரோமாபுரி போய்ச் சேர்ந்தார். இரண்டு சுவிசேஷம், இரண்டு கூட்டம் என்று நினைத்திருந்தால் அவர் எதற்காக உயிரைப் பணயம் வைத்து அந்தப் பணத்தைக் கொண்டுபோக வேண்டும்?

கல்லூரியில் நண்பன் ஒருவன் ரோமர் 3:28-ஐயும் யாக்கோபு 2:24-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ஒன்றில் விசுவாசத்தினாலே, மற்றதில் விசுவாசத்தினால் மாத்திரமல்ல. லூத்தரே யாக்கோபை வைக்கோல் நிருபம் என்று சொன்னாராமே?
— மாணவி, மார்த்தாண்டம்

சொன்னார் அம்மா, 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில். பிந்தின பதிப்புகளில் அந்த வரி இல்லை. யாக்கோபைத் தூக்கி எறியவும் இல்லை, மொழிபெயர்த்துக் கடைசிப் பகுதியில் வைத்தார்.

உன் நண்பன் காட்டின இரண்டு வசனத்துக்கும் பக்கத்தில் ஆபிரகாமே சாட்சி. பவுல் எடுக்கிறது ஆதியாகமம் 15, வானத்து நட்சத்திரங்களைக் காட்டித் தேவன் வாக்குக் கொடுத்தபோது அவர் நம்பின நேரம், ஈசாக்கு பிறக்கவே இல்லை. யாக்கோபு எடுக்கிறது ஆதியாகமம் 22, அந்த ஈசாக்கையே பலிபீடத்தில் கிடத்தின நாள். இரண்டுக்கும் நடுவில் பல வருஷம். எதினால் ஒரு மனுஷன் தேவனிடம் ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்று பவுல் கேட்கிறார். ஏற்றுக்கொள்ளப்பட்டேன் என்கிறவனின் விசுவாசம் உயிரோடு இருக்கிறதா என்று யாக்கோபு கேட்கிறார். துணியும் சோறும் இல்லாத சகோதரனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் மட்டும் சொல்கிறவனைத்தான் அவர் பிடித்து உலுக்குகிறார். கலாத்தியர் 5:6இல் பவுலும் அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்றுதான் எழுதியிருக்கிறார். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்கிற அந்த வெறும் ஒப்புதலைப் பவுல் எந்த இடத்திலும் விசுவாசம் என்று அழைத்ததில்லை.

பேதுரு மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுங்கள் என்றார். பவுல் விசுவாசி, அப்பொழுது இரட்சிக்கப்படுவாய் என்று மட்டும் சொன்னார். எது சரி?
— வாசகர், அருமனை

பிலிப்பி சிறைச்சாலைக்காரனிடம் பவுல் அப்படிச் சொன்னது அப்போஸ்தலர் 16:31. இரண்டு வசனம் தள்ளி, அதே இராத்திரியில் அவனும் அவன் வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். இரண்டுமே சரி.

இந்த உபதேசம் எங்கிருந்து வந்தது? ஆதியிலேயே இருந்ததா?
— வாசகர், வெள்ளறடை

பவுல் மட்டுமே போதும் என்கிற எண்ணம் பழையது. பொந்து நாட்டு சினோப்பேயிலிருந்து ரோமாபுரிக்கு வந்த மார்சியோன், வெட்டிச் சுருக்கின லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையும் பழைய ஏற்பாட்டையும் தள்ளினார். ரோம சபை 144இல் அவரை விலக்கியது. பிறகு 1831இல் ஜெர்மனியில் டூபிங்கன் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் கிறிஸ்டியான் பாவர், பேதுரு கட்சியும் பவுல் கட்சியும் எதிரெதிராக இருந்தன என்று எழுதினார். அவர் நோக்கம் வேறு, சரித்திர ஆராய்ச்சி.

நம் வீட்டுக்கூட்டத்துக்கு வரும் சார்ட்டின் வழி வேறு. 19ஆம் நூற்றாண்டில் சகோதரர் சபை இயக்கத்தின் டார்பி வேதாகமத்தைக் காலங்களாகப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் அதைப் பரப்பியது, அதன் குறிப்பிலேயே சுவிசேஷம் என்ற சொல் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் சபை பெந்தெகொஸ்தே நாளில் பிறந்தது என்பதை ஸ்கோஃபீல்ட் விடவில்லை. 1913இல் இறந்த ஆங்கிலேயப் போதகர் புல்லிங்கர் இன்னும் தூரம் போனார். அவருக்குப் பின் 1930, 40களில் அமெரிக்காவில் ஸ்டாம் போன்றவர்கள் சபை பவுலிலிருந்துதான் ஆரம்பம் என்று போதித்தார்கள். நம் பக்கத்துச் சகோதரர் சபைக்காரர்களை இதோடு சேர்த்துவிடாதீர்கள். ஸ்கோஃபீல்டை மதிக்கிறவர்களிலும் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை.

என் வீட்டுக்காரர் இந்தக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு திருவிருந்து எடுப்பதையே நிறுத்திவிட்டார். அது பன்னிருவருக்குக் கொடுத்ததாம், பவுலின் சபைக்கு இல்லையாம். அத்தை ரொம்ப அழுகிறார்கள்.
— சகோதரி, பளுகல்

புல்லிங்கர் வழியில் போகிறவர்களில் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. 1 கொரிந்தியர் 11:23ஐத் திறந்து அவர் கையில் கொடுங்கள். "நான் உங்களுக்கு ஒப்புவித்ததைக் கர்த்தரிடத்தில் பெற்றுக்கொண்டேன்" என்று தொடங்கி, காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியைப் பவுல்தான் விவரிக்கிறார், எழுதினது புறஜாதியார் நிறைந்த கொரிந்து சபைக்கு. அவர் வரும்வரைக்கும் செய்யுங்கள் என்கிறார். இதை வாதமாகச் சொல்லாதீர்கள் அம்மா, சத்தமாக வாசிக்க மட்டும் சொல்லுங்கள். அத்தையும் பக்கத்தில் இருக்கட்டும்.

பேதுருவும் பவுலும் இருக்கட்டும், தோமா நம் பக்கத்துக்கு எந்தச் சுவிசேஷத்தைக் கொண்டுவந்தார்? தோமா சுவிசேஷம் என்று தனியாக ஒன்று இருக்கிறதாமே?
— வாசகர், தக்கலை

கி.பி. 52இல் தோமா கொடுங்கல்லூரில் இறங்கினார், ஏழரைப் பள்ளிகளை (தேவாலயங்களை) நிறுவினார், அந்த அரைப்பள்ளி உங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவிதாங்கோடு பள்ளிதான் என்பது கேரளத்துக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் நம்பிக்கை. அவர் பிரசங்கித்ததாக எழுத்தில் நம் கையில் எதுவும் இல்லை. ஆனால் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டதும் "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று அவர் சொன்னதை யோவான் எழுதி வைத்திருக்கிறார். பவுல் பிரசங்கித்தவரும் இவரேதான். அந்தப் பள்ளிகளின் வழிவந்த சபைகள் தலைமுறைகளாகப் பேதுருவையும் பவுலையும் மத்தேயுவையும் ஒரே ஆராதனையில் வாசித்து வருகின்றன.

தோமா சுவிசேஷம் என்பது வேறு. 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாதி பக்கத்தில் கிடைத்த கொப்திக் மொழிச் சுவடிகளில் ஒன்று. இயேசு சொன்னதாக 114 வசனங்கள் மட்டும். மரணமும் உயிர்த்தெழுதலும் அதில் சொல்லப்படவில்லை. அப்போஸ்தலனாகிய தோமா எழுதியது என்று ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை.

இதையெல்லாம் நாங்களே படித்துப் பார்க்க எங்கிருந்து ஆரம்பிப்பது?
— வாலிபர் ஐக்கியம், கொல்லங்கோடு

கலாத்தியர் ஆறு அதிகாரத்தையும் நிறுத்தாமல் ஒரே உட்காரலில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. அப்புறம் அப்போஸ்தலர் 10, 11, 15. அதன்பிறகு 1 பேதுரு முழுவதும். யாக்கோபு கடைசியில். யாராவது ஒரு தனி வசனத்தை நீட்டினால், அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். எங்கே சிக்கினீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.